பார் பார்த்தவர்கள்

எனது உம்மாவின் வாப்பா மரிச்சுக்கட்டியில் பிறந்தவர். 1905ஆம் ஆண்டின் பெருஞ் சலாபத்தைச் சிறுவனாகக் கண்டவர். சலாபம் என்றால் முத்துக்குளிப்பு என்று இப்போது எம் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் சொன்ன கதைகளில் பாதி, அழுகவிட்ட சிப்பியின் நாற்றத்தைப் பற்றியவை. மீதியில் ஒன்று பெரிய பாரைப் பற்றியது. கரையிலிருந்து நெடுந்தொலைவில், கடல் திடீரென்று ஆழங்கொள்ளும் விளிம்பில், பெரிய பார் என்றொரு சிப்பித் திடல் உண்டு. அதுதான் தாய்ப் பார். அங்கே உண்டாகும் சிப்பிக் குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும் எழுந்து மற்றப் பார்களுக்கு நடந்து போய்விடும். அதனால்தான் அந்தப் பாரில் சலாபம் நடப்பதேயில்லை.

"சிப்பிக்கு ஏது அப்பா கால்?" என்று கேட்டுச் சிரித்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நாலெழுத்துப் படித்துவிட்ட திமிர். அவர் கோபிக்கவில்லை. "நடக்காட்டி, பங்குனியில இருந்த சிப்பி கார்த்திகையில எங்க போச்சு?" என்று திருப்பிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அவர் மௌத்தாகிப் பல ஆண்டுகள் சென்ற பின், கொழும்பில் ஒரு நூலகத்தில், அதே கேள்வியை ஆங்கிலத்தில் அச்செழுத்தில் வாசித்தேன். தாய்ப் பார் என்ற பெயரும், சிப்பி இடம்பெயரும் என்ற சுதேசிகளின் நம்பிக்கையும் அப்படியே அங்கே பதிவாகியிருந்தன. அந்தக் கேள்வியின் வழியே எமது கடலின் வரலாற்றைப் பார்க்க முடியுமா என்பதே இக்கட்டுரையின் முயற்சி.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மோதரகம் ஆற்றுக்கு வடக்கே மரிச்சுக்கட்டி, சிலாவத்துறை. அது மன்னார் மாவட்டம். ஆற்றுக்குத் தெற்கே குதிரைமலை, பொம்பரிப்பு, காரைதீவு, அப்பால் ஒல்லாந்தர் குடா, கற்பிட்டிக் குடாநாடு, உடப்பு, சிலாபம். இது புத்தளம் மாவட்டம். முத்துச் சிப்பி விளையும் பார்கள் இந்த இரு கரைகளுக்கும் முன்னால் கடலுக்கடியில் சிதறிக் கிடக்கின்றன. செவல் பார், மோதரகம் பார், முத்துவரத்துப் பார், சிலாபம் பார் என்று பெயர்கள் நீளும். வெள்ளைக்கார அதிகாரிகள் தங்கள் அறிக்கைகளில் இவற்றுக்கு ஆங்கிலச் சொல் தேடவில்லை. 'பார்' என்ற எமது சொல்லையே எழுதிக்கொண்டார்கள். கடல் பற்றிய ஆங்கில விஞ்ஞான நூல்களில் தமிழ் மீனவனின் சொல் கலைச்சொல்லாக ஏறிய அபூர்வமான இடங்களில் இதுவும் ஒன்று.

இந்தக் கரைக்கு வந்து முத்தைப் பார்த்து எழுதியவர்களில் எம்மவர் பலரும் முதலில் நினைப்பது இப்னு பதூதாவை. 1344இல் மாலைதீவிலிருந்து வந்து அவர் இறங்கிய 'பத்தாலா' புத்தளமே என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அங்கே ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். ஒருநாள் அரசவைக்குப் போனபோது, குளிப்பிலிருந்து வந்த முத்துக்களைச் சேவகர்கள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீர் வந்த நாடுகளில் முத்துக்குளிப்பைக் கண்டிருக்கிறீரா என்று அரசர் கேட்டார். பாரசீக வளைகுடாத் தீவுகளில் கண்டிருக்கிறேன், ஆனால் அவை இவற்றுக்கு ஈடாகா என்று பயணி சொன்னார். மகிழ்ந்துபோன அரசர் சில முத்துக்களை அவருக்கே கொடுத்துவிட்டார். இந்தக் காட்சியைப் பலரும் பலவிதமாக மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். எனக்கு இதில் உறைப்பது ஒன்றுதான்: அவர் பார்த்தது முத்தை, கடலை அல்ல. அன்றிலிருந்து இந்தக் கடலுக்கு வந்த பெரியவர்களில் அநேகர் விளைச்சலைப் பார்க்க வந்தவர்கள். விளைச்சல் முடிந்ததும் போய்விட்டார்கள்.

பிரித்தானியர் காலத்தில் இந்தப் பார்வை ஓர் உத்தியோகமாகவே ஆயிற்று. முத்துப் பார்களின் பரிசோதகர் என்று ஒருவர் நியமிக்கப்பட்டார். ஜேம்ஸ் ஸ்டுவர்ட் என்ற பரிசோதகர் 1843இல் இலங்கை முத்துக்குளிப்பைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பின்னர் நெடுங்காலம் அப்பதவியில் இருந்தவர் கப்டன் டொனன். ஆண்டுக்கு இரு தடவை, மார்ச் மாதத்திலும் நவம்பர் மாதத்திலும், அதாவது தென்மேல் பருவக்காற்றுக்கு முன்னும் பின்னும், படகுகள் போகும். குளியாளிகளை இடம்விட்டு இடம் இறக்கி, அள்ளி வந்த சிப்பியை எண்ணுவார்கள். வயது வந்த சிப்பி போதிய அளவு இருந்தால் ஒரு தொகையை மாதிரியாக எடுத்து, அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டு, அடுத்த ஆண்டு சலாபம் உண்டா இல்லையா என்று அறிவிப்பார்கள். அறிவித்தல் வெளிவந்ததும் கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் அரபுக் கரையிலிருந்தும் குளியாளிகளும் சம்மாட்டிகளும் வியாபாரிகளும் வந்து குவிவார்கள். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதும் கடற்கட்டிக்கும் அங்கே ஓர் இடம் இருந்தது. மனிதர் இல்லாத வெளியில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும்பும்.

ஆனால் கடல் அறிவித்தலுக்குக் கட்டுப்படவில்லை. 1837க்குப் பின் 1855 வரை ஒரு சலாபமும் நடக்கவில்லை. 1891இல் நடந்ததன் பின் 1903 வரை மீண்டும் வெறுமை. சிப்பி எங்கே போயிற்று என்று அரசாங்கத்துக்குத் தெரியவில்லை. திருட்டுக் குளிப்பு என்றார்கள். அளவுக்கு மிஞ்சிய குளிப்பு என்றார்கள். திருக்கை தின்கிறது என்றார்கள். 1850களின் பிற்பகுதியில் கேலார்ட் என்ற மருத்துவரும், 1860களில் ஹோல்ட்ஸ்வேர்த் என்ற இயற்கையியலாளரும் ஆராய்ந்தார்கள். முடிவு கிடைக்கவில்லை.

1902 ஜனவரியில் லிவர்பூல் பல்கலைக்கழகக் கல்லூரியிலிருந்து பேராசிரியர் வில்லியம் ஹெர்ட்மன் வரவழைக்கப்பட்டார். துணைக்கு ஜேம்ஸ் ஹோர்னெல். 'லேடி ஹவ்லொக்' என்ற நீராவிக் கப்பலில் பார்களைச் சுற்றினார்கள். சிப்பியை மாத்திரமல்ல, கடலடி மண், பவளம், மீன், நண்டு, புழு, கடலின் மேற்பரப்பில் மெல்லிய வலைக்குள் அகப்படும் நுண்ணுயிர்கள் என்று அகப்பட்ட அனைத்தையும் போத்தல்களில் அடைத்தார்கள். 1903 முதல் 1906 வரை ஐந்து பெரும் பாகங்களாக லண்டன் றோயல் சொசைட்டி அந்த அறிக்கையை வெளியிட்டது. எமது கரையோரக் கடலைப் பற்றி அதற்கு முன்னர் அப்படியொரு நூல் வந்ததில்லை. நான் கொழும்பில் வாசித்தது அதைத்தான்.

அதில்தான் அப்பாவின் கேள்வி இருந்தது. 1902 மார்ச்சில் பெரிய பாருக்குப் போனபோது கடலடி முழுவதும் இளஞ்சிப்பி. எண்ணிக்கையில் அடங்காத கூட்டம். ஹெர்ட்மன் ஊர் திரும்பிவிட்டார். ஹோர்னெல் இங்கேயே தங்கினார். நவம்பரில் அதே பாரைப் போய்ப் பார்த்தபோது ஒன்றுமில்லை. டொனனின் பழைய குறிப்புகளைப் புரட்டினார்கள். 1880 தொடக்கம் அந்தப் பார் குறைந்தது 11 தடவை இளஞ்சிப்பியால் நிரம்பியிருக்கிறது. ஒரு தடவைகூடச் சலாபத்துக்குத் தேறவில்லை. ஒவ்வொரு முறையும் மார்ச்சில் இருந்தது, நவம்பரில் இல்லை.

ஹெர்ட்மன் சொன்ன விளக்கம் எளிமையானது. பெரிய பார் திறந்த கடலை நோக்கிய விளிம்பில் இருக்கிறது. அதற்கு வெளியே கடலடி சரிந்து பாதாளத்துக்குப் போகிறது. தென்மேல் பருவக்காற்றில் அடி மண் கிளறப்படும்போது இளஞ்சிப்பிகள் புதையுண்டோ சரிவில் அடித்துச் செல்லப்பட்டோ அழிகின்றன. நடந்து போகவில்லை, செத்துப் போகின்றன. முட்டையிடும் வயதுக்கு முன்பே சாவதால் அது தாய்ப் பாராக இருக்கவும் முடியாது. அங்கே கிடக்கும் குஞ்சுகள் எல்லாம் வேறெங்கோ பிறந்து வந்து சேர்ந்தவை.

வேறெங்கோ பிறந்து எப்படி வந்து சேர்ந்தன? சிப்பிக்குக் கால் இல்லை என்று நான் சிரித்தேன் அல்லவா, அங்கேதான் அப்பாவின் கதை பாதி வென்றது. முத்துச் சிப்பி தன் வாழ்வின் முதல் மூன்று வாரமளவு கல்லில் ஒட்டியிருப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத குடம்பியாக, நீரோட்டம் கொண்டுபோகும் இடமெல்லாம் மிதந்து திரிகிறது. இப்படித் திரிபவற்றுக்கு 1887இல் விக்டர் ஹென்சன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி பிளாங்டன் என்று பெயரிட்டார். அலைந்து திரிவது என்ற பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து எடுத்தது. சூரிய ஒளியை உண்டு வாழும் நுண்தாவரங்களும், அவற்றை மேயும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் உள்ள நுண்விலங்குகளும், இறால், நண்டு, சிப்பி, மீன் ஆகியவற்றின் குழந்தைப் பருவங்களும் எல்லாம் அதில் அடக்கம். உலகில் ஒளித்தொகுப்பால் உருவாகும் உயிர்ப்பொருளில் ஏறத்தாழப் பாதியை இந்த மிதவைத் தாவரங்களே உண்டாக்குகின்றன. நெத்தலியும் சாளையும் இவற்றை நேரடியாகவே தின்கின்றன. அறுக்குளா அந்த நெத்தலியைத் தின்கிறது. துடுப்புப் பட்ட இடத்தில் இரவில் கடல் நெருப்பாய் மினுங்குவதும் இவற்றில் ஒரு சாதியால்தான்.

இவற்றின் காலக்கணக்கு எமது காலக்கணக்கு அல்ல. தென்னைக்கு ஆண்டு, நெல்லுக்கு மாதம், நுண்தாவரத்துக்கு நாள். வசதியான நீர் வாய்த்தால் ஒரு நாளில் ஒரு தடவை, சிலவேளை இரு தடவை, ஒன்று இரண்டாகப் பிரியும். ஒன்று பத்து நாளில் ஆயிரத்தைத் தாண்டும். காற்று மாறி அடிநீர் மேலே வந்தாலோ மழைவெள்ளம் ஆற்றால் இறங்கினாலோ நீர் பச்சையாகிவிடும். மேய்பவை பெருகித் தின்று தீர்த்தால், அல்லது உரம் தீர்ந்தால், ஓரிரு வாரத்தில் பழையபடி தெளிந்துவிடும். மாதம் ஒரு நாள் போய் ஒரு வாளி நீர் அள்ளுகிறவன் இந்த எழுச்சியையும் வீழ்ச்சியையும் முழுதாகத் தவறவிட்டுவிட்டு, கடலில் மாற்றம் ஒன்றுமில்லை என்று எழுதிவைக்கக்கூடும். பொய் எழுதியதாகாது. அவன் போன இரு நாள்களுக்கும் அது உண்மை.

ஆண்டுக்கு இரு தடவை பார் பார்த்த கப்டன் டொனனுக்கு நேர்ந்ததும் இதுவே. அவர் நேர்மையான அதிகாரி. எண்ணியதை எண்ணியபடி எழுதினார். ஆனால் கதை நடந்தது இரண்டு வருகைகளுக்கும் இடைப்பட்ட எட்டு மாதங்களில்.

இங்கே ஹெர்ட்மனின் பிற்கால வாழ்க்கையில் ஒரு செய்தியைச் சொல்லவேண்டும். ஊர் திரும்பிய அவர் 1907 முதல் அயர்லாந்துக் கடலில் உள்ள மான் தீவில், போர்ட் எரின் என்ற சிறு துறையில், பிளாங்டன் வலையை ஆண்டு முழுவதும் விடாமல் வாரந்தோறும் இழுக்கும் ஒரு வேலையைத் தொடங்கினார். ஒரே இடம், ஒரே முறை, திரும்பத் திரும்ப. முதலாம் உலக யுத்தம் மூண்டபோதும் கைவிடவில்லை. ஏறத்தாழ 14 ஆண்டுகள். கூட உழைத்தவர்களில் ஒருவர் அண்ட்ரூ ஸ்கொட். எமது முத்துக் கடலில் பிடித்துப் போன நுண்ணிறால் இனங்களை ஐசக் தொம்சனுடன் சேர்ந்து பெயரிட்டு வகைப்படுத்திய அதே ஸ்கொட். இலங்கையில் கண்ட பெரிய பார்தான் அவரை இதற்குத் தூண்டியது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மார்ச்சில் நிறைந்தும் நவம்பரில் வெறுமையாயும் கிடந்த அந்தத் திடலை அறிந்தவர் ஒரே துறையில் பதினான்கு ஆண்டு வாரம் தவறாமல் வலை இழுத்ததை எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அந்தத் தொடர்ச்சி எங்கள் கடலுக்குக் கிடைக்கவில்லை. அவருடைய கடலுக்குக் கிடைத்தது.

இங்கே நடந்தது வேறு. 1903இல் சலாபம் மீண்டும் வந்தது. 1905இல் சுமார் 8 கோடிச் சிப்பி. அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபா. இந்தப் பணத்தைக் கண்ட பின் பொறுமை எதற்கு? 1906இல் ஆண்டு வாடகை 3 இலட்சத்து 10 ஆயிரம் ரூபாவுக்கு, 20 ஆண்டுக் குத்தகையாக, பார்கள் லண்டன் கம்பனி ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டன. 1907க்குப் பின் சிப்பி மறைந்தது. 1912இல் கம்பனி கலைக்கப்பட்டது. ஹோர்னெல் அதற்கு முன்னரே சென்னை மாகாண மீன்துறைக்குப் போய்விட்டார். கடலைத் தொடர்ந்து பார்க்கும் ஏற்பாடு, முத்து வந்தால் வருவதும் முத்து போனால் போவதுமாக இருந்தது. இந்தப் பழக்கம் எம்மை விட்டுப் போனதாக எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பின் புத்தளக் கரையில் விளைச்சலை நினையாமல் நீரையே பார்த்தவர்களில் நான் மரியாதையோடு நினைப்பது எம். துரைரத்தினத்தை. கொழும்பு மீன்பிடி ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்தவர். இலங்கைக் கடற்பாசிகளைப் பற்றிய ஆய்வால் அறியப்பட்டவர். புத்தளம் களப்பிலும் ஒல்லாந்தர் குடாவிலும் போர்த்துக்கல் குடாவிலும் நீரின் வெப்பம், உப்பு, பொஸ்பேற்று ஆகியன ஓர் ஆண்டுச் சுற்றில் எப்படி மாறுகின்றன என்று அளந்து 1963இல் வெளியிட்டார். முத்தும் இல்லை, ஏலமும் இல்லை. ஓர் ஆண்டு முழுவதும் நீர் என்ன செய்கிறது என்ற ஒரே கேள்வி. சில பக்கங்களே கொண்ட கட்டுரை. அதன் விலை முப்பது ஆண்டுக்குப் பிறகுதான் தெரிந்தது. 1990களில் அருளானந்தனும் சுவீடன் நாட்டு ஆய்வாளர்களும் களப்பின் நீர்ப்போக்கை அளந்து 1995இல் எழுதினார்கள். ஆற்று நீரைவிட ஆவியாகும் நீர் மிஞ்சி, களப்பு கடலைவிட உப்பேறிக் கிடக்கிறது என்று அவர்களால் சொல்ல முடிந்தது. கலா ஓயா, மீ ஓயா ஆகியவற்றின் நீர் மேலே குளங்களிலும் வயல்களிலும் தேக்கப்படுவதற்கும் இதற்கும் தொடர்புண்டு. 'முன்னைவிட' என்று சொல்ல முன்னைய கணக்கு ஒன்று வேண்டும். துரைரத்தினம் அன்று அளந்திராவிட்டால் இந்தச் சொல்லே இல்லை.

அந்த முப்பது ஆண்டுகளில் களப்பின் சிறு உயிர்கள் என்ன ஆயின என்பதற்குத் தொடர்ச்சியான கணக்கு இல்லை. பெரிய அழிவுகள் மாத்திரம் திகதியோடு பதிவாகின. 1980களில் சிலாபம், முந்தல், புத்தளம் கரையெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. ஒல்லாந்தர் கால்வாயிலிருந்து நீரை எடுத்து, கழிவை அதே கால்வாயில் விட்டார்கள். ஒருவர் விட்டதை மற்றவர் எடுத்தார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்து குளம் குளமாகக் காலியாக்கியது. வட்டிக்கு எடுத்துக் கட்டிய குளத்தில் கண்ணீரோடு சுண்ணாம்பு கொட்டிய மனிதர்களை நானும் பார்த்திருக்கிறேன். 1998இல் கடல் சூடேறி, கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பெரும் பவளத்திட்டின் ஆழங்குறைந்த பகுதி வெளிறி மடிந்தது. அது 1992இலேயே கடற்சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்ட இடம். பிரகடனம் வெப்பத்தைத் தடுக்காது என்பது அப்போது விளங்கியது. 2011இல் நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் முதற் பிரிவு இயங்கத் தொடங்கியது. 2014இல் மூன்று பிரிவும் சேர்ந்து 900 மெகாவாட். குளிரூட்டக் கடல்நீரை எடுத்துச் சூடாகத் திருப்பி விடும் நிலையம் அது.

செய்மதி எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்று சொல்பவர் உண்டு. 1997 முதல் கடலின் நிறத்தை வானிலிருந்து அன்றாடம் அளக்கிறார்கள் என்பது உண்மை. பச்சையத்தின் அளவை அதிலிருந்து கணிக்கிறார்கள். தென்மேல் பருவக்காற்றின்போது இலங்கையைச் சுற்றிக் கடல் எப்படிச் செழிக்கிறது என்று எமக்குத் தெரியவந்தது இதனால்தான். ஆனால் அந்தச் செழிப்பு மிகும் மாதங்களில்தான் மேகமும் மிகுகிறது. மேகத்துக்குக் கீழே செய்மதிக்குக் கண்ணில்லை. களப்பைப் போன்ற ஆழங்குறைந்த கலங்கல் நீரில் சேற்றின் நிறத்தையும் பாசியின் நிறத்தையும் பிரித்தறிவது கடினம். எந்த இனம் மிதக்கிறது, அதில் நஞ்சுள்ளது உண்டா என்பதை வானிலிருந்து சொல்ல இயலாது. அதற்கு ஒருவர் கரையில் நின்று நீர் அள்ளவேண்டும். இங்கிலாந்தில் பிளிமத்துக்கு வெளியே ஒரே இடத்தில் 1988 முதல் வாரந்தோறும் பிளாங்டன் எடுக்கிறார்கள். அமெரிக்காவின் மார்த்தாஸ் வின்யார்ட் தீவருகே கடலுக்கடியில் வைத்த கருவி ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை துளி நீரை உறிஞ்சி, அதிலுள்ள ஒவ்வொரு உயிரணுவையும் படம் பிடிக்கிறது. கற்பிட்டியில் எமது தேசிய நீரியல்வள ஆராய்ச்சி முகவரகத்தின் நிலையம் ஒன்று உண்டு. அங்குள்ளவர்கள் வல்லவர்கள். ஆனால் ஒரு திட்டத்துக்குப் பணம் வரும்போது அளப்பதும் திட்டம் முடிந்ததும் நிறுத்துவதும் பார் பார்த்த காலத்துப் பழக்கமே.

இதன் விலையை 2021இல் கண்டோம். மே மாதம் கொழும்புக்கு வெளியே 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் எரிந்தது, ஜூனில் மூழ்கியது. பேர்ள் என்றால் முத்து. பெயரின் கொடுமையைப் பாருங்கள். அதிலிருந்து சிந்திய பிளாஸ்டிக் மணிகள் புத்தளக் கரைக்கும் வந்தன. சிறுபிள்ளைகள் கைநிறைய அள்ளிக்கொண்டு வந்து முத்து என்று காட்டினார்கள். நட்டஈடு பற்றிய பேச்சு எழுந்ததும் எழுந்த முதற் கேள்வி, கப்பல் எரியுமுன் கடல் எப்படி இருந்தது என்பது. 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 100 கோடி அமெரிக்க டொலர் செலுத்துமாறு கப்பல் நிறுவனத்துக்குக் கட்டளையிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் மீனவர் சங்கக் கூட்டங்களில் அந்த முதற் கேள்விக்கு எவரும் ஒரு கொப்பியை எடுத்துக் காட்டி நான் கண்டதில்லை.

கடலை அன்றாடம் பார்த்தவர் இல்லாமலில்லை. எழுதி வைத்தவர்தான் இல்லை. எங்கள் கரையில் நாலு தலைமுறையாக நீரின் நிறத்தையும் மணத்தையும், வலையில் ஒட்டும் வழுவழுப்பையும் பார்த்து, இன்று நெத்தலி உண்டு, இன்று வலை வீண் என்று சொன்ன மனிதர்கள் இருந்தார்கள். அந்த அறிவு இடத்தோடு கட்டுண்டது. 1990 ஒக்டோபரில் நாங்கள் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டபோது உடுத்த உடையோடு வந்தோம் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். கூடவே ஒரு கடலையும் விட்டு வந்தோம் என்பதை யாரும் எழுதவில்லை. சிலாவத்துறையிலிருந்து வந்து கற்பிட்டியில் வாடி போட்ட ஒரு சாச்சா என்னிடம் சொன்னார்: "அங்க கண்ணை மூடிட்டு வலை போடுவன் மாஸ்டர். இந்தத் தண்ணியைப் படிக்கப் பத்து வருசம் போச்சு." யுத்தம் முடிந்து அவர் ஊருக்குப் போய்ப் பார்த்தபோது, அந்தக் கடலையும் மறுபடி முதலிலிருந்து படிக்கவேண்டியிருந்ததாம். இடைப்பட்ட இருபது ஆண்டில் அது வேறாகிவிட்டது. எப்போது வேறானது என்று சொல்ல அங்கே ஆளில்லை.

நான் வரலாறு படிப்பித்தவன். விஞ்ஞானத்தில் எனக்கு உரிமையில்லை. ஆனாலும் ஓய்வுபெறச் சில ஆண்டுகள் இருக்கையில், எமது பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியையின் துணையோடு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு சிறு வேலை செய்தேன். 1865இல் செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் செய்து பார்த்த முறை. வெள்ளைத் தட்டொன்றைக் கயிற்றில் கட்டி நீரில் இறக்குவது; கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறிப்பது. நீரில் பாசியோ சேறோ மிகுந்தால் தட்டு சீக்கிரம் மறையும். நாங்கள் ஒரு பெரிய தகர மூடிக்கு வெள்ளைப் பூச்சுப் பூசி, கீழே கல்லைக் கட்டி, கயிற்றில் முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டோம். வாரம் இரு தடவை, ஒரே இடத்தில், ளுஹருக்கு முன். ஒரு சீ.ஆர். கொப்பியில் திகதி, காற்று, முடிச்சு. வலையில்லை, நுணுக்குக்காட்டி எப்போதாவதுதான். பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை.

ஏழு மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு நோன்பு வந்தது. எமது பாடசாலைகளுக்கு நோன்பில்தான் நீண்ட விடுமுறை என்பது உங்களுக்குத் தெரியும். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். நானும் தராவீஹும் தூக்கமுமாக இருந்துவிட்டேன். பெருநாள் முடிந்து பாடசாலை தொடங்கிய பின் போய்த் தட்டை இறக்கினோம். விடுமுறைக்கு முன் ஆறாம் முடிச்சில் மறைந்தது இப்போது இரண்டாம் முடிச்சிலேயே மறைந்தது. நீர் மங்கிய பச்சை. காற்று கிளறியதா, பாசி பூத்ததா, ஆற்று வெள்ளமா, எந்த நாளில் மாறியது, படிப்படியாகவா ஒரே இரவிலா? கொப்பியில் அந்த நாலு வாரமும் வெற்றுக் கட்டங்கள். பங்குனியில இருந்தது கார்த்திகையில எங்க போச்சு என்று அப்பா கேட்டது அப்போதுதான் எனக்கு முழுதாக விளங்கியது. கப்டன் டொனனைக் குறைகூறும் தைரியமும் அன்றோடு போயிற்று.

வாடிக்குப் போய் அந்தச் சாச்சாவிடம் கேட்டேன். வலை பொத்திக்கொண்டிருந்தவர் தலை நிமிராமலே சொன்னார்:

"அது இருபத்தேழாம் கிழமைக்கு முந்தியே மாறிட்டு மாஸ்டர். எங்கட மகளுக்குப் பிள்ளை கிடைச்ச அண்டு. ஆசுபத்திரிக்குப் போக விடியச் சுபஹோட தோணியை இழுத்தம், தண்ணி வேற நிறம்."

பேரனின் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். அந்தத் திகதியைக் கொப்பியின் வெற்றுக் கட்டத்தில் பென்சிலால் எழுதி, பக்கத்தில் அவர் பெயரையும் குறித்து வைத்தேன்.